மீட்டர் 'நார்மல்' என்கிறது, ஆற்றில் நுரை பொங்குகிறது: கழிவுநீர் சென்சார்களை எவ்வளவு நம்பலாம்?

மழைக்காலம் தொடங்கினால் போதும், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலிருந்து வெளியேறும் தண்ணீரில் நுரை மலைபோல் பொங்கும் காட்சிகள் செய்திகளில் வந்துவிடும். கோவை, திருப்பூர் பக்கம் நொய்யலிலும் இதே கதைதான். 'கழிவுநீரைத் திறந்துவிட்டார்கள்' என்று விவசாயிகள் குற்றம்சாட்டுவார்கள். 'எங்கள் ஆன்லைன் மீட்டரில் எல்லா அளவும் வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று ஆலைத் தரப்பு சொல்லும்.

இதில் எது உண்மை? சில நேரங்களில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அது எப்படி என்று புரிய, கழிவுநீரில் மூழ்கிக் கிடக்கும் அந்த சென்சார் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை, எப்போது தப்பான எண்ணைக் காட்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன்லைன் கண்காணிப்பு: அப்படின்னா என்ன?

முன்பெல்லாம் மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி எப்போதாவது ஆலைக்கு வருவார். ஒரு கேனில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்புவார். அவர் வந்த நாளில் மட்டும் தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதும். மீதி நாட்களில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவே கிடையாது.

இதை மாற்றத்தான் 2014 பிப்ரவரி 5-ம் தேதி மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஓர் உத்தரவு போட்டது. சர்க்கரை, காகிதம், மருந்து, தோல், மதுபான வடிப்பாலை உள்ளிட்ட அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும், பொது சுத்திகரிப்பு நிலையங்களும் தங்கள் கழிவை 24 மணி நேரமும் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும். கருவி காட்டும் எண்கள் இணையம் வழியாக வாரியத்தின் சர்வருக்குப் போகும். வரம்பு மீறினால் ஆலைக்கும் அதிகாரிகளுக்கும் எஸ்.எம்.எஸ். போகும்.

2017 பிப்ரவரி 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. இப்படி வரும் அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி மாநில வாரியங்கள் தங்கள் இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஓர் எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

திருப்பூர் இதற்கு நேரடி சாட்சி. பாசனத்துக்காக நொய்யலில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. விளைநிலமும் கிணறும் உப்பாகிப்போன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவு முறையாக நிறைவேறாததால், 2011 ஜனவரி 28-ம் தேதி சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னலாடைத் தொழிலே ஆட்டம் கண்டது.

ஆக, மீட்டர் குறைத்துக் காட்டினால் விவசாயியின் கிணறு போகும். கூட்டிக் காட்டினால் தவறே செய்யாத ஆலைக்கு நோட்டீஸ் போகும், அங்கே வேலை செய்பவர்களின் சம்பளம் கேள்விக்குறியாகும். அளவு சரியாக இருப்பது இரு தரப்புக்கும் தேவை.

மீட்டர் எதையெல்லாம் அளக்கிறது?

பொதுவாகப் பார்க்கப்படும் அளவுகள் இவை. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பும் உடன் தரப்பட்டுள்ளது.

• பி.ஹெச். (அமில, காரத் தன்மை): 5.5 முதல் 9 வரை
• டி.எஸ்.எஸ். (தண்ணீரில் மிதக்கும் திடத்துகள்): லிட்டருக்கு 100 மில்லிகிராம்
• பி.ஓ.டி. (கிருமிகள் கழிவை உண்ணும்போது இழுக்கும் ஆக்சிஜன்): 30 மில்லிகிராம்
• சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்): 250 மில்லிகிராம்
• ஃப்ளோ (எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது)

தொழிலைப் பொறுத்து இதில் மேலும் சில சேரும். தோல் ஆலை என்றால் குரோமியம். சாயப்பட்டறை விஷயத்தில் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பு முக்கியம். தமிழ்நாட்டில் இதற்கான வரம்பு 2,100 மில்லிகிராம்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுரைக்குக் காரணமான சோப்பு, டிடர்ஜென்ட் வகை ரசாயனங்களைத் தனியாக அளக்கும் மீட்டர் இதில் இல்லை. அதனால் மேலே உள்ள எல்லா எண்ணும் வரம்புக்குள் இருக்கும்போதே தண்ணீர் நுரைக்க வாய்ப்பு உண்டு.

மூணு நாள் டெஸ்ட்டை மூணு நிமிஷத்தில் செய்ய முடியுமா?

பி.ஓ.டி. பரிசோதனைக்கு இந்தியாவில் உள்ள முறை இதுதான்: தண்ணீரை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைத்திருந்து, கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைக் காலி செய்தன என்று பார்ப்பார்கள். சி.ஓ.டி.க்கு டைகுரோமேட் என்ற ரசாயனத்துடன் சேர்த்து 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் கொதிக்க வைப்பார்கள்.

ஆனால், ஆலை வாசலில் உள்ள சென்சார் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பி.ஓ.டி., சி.ஓ.டி. எண்களைக் காட்டுகிறது. எப்படி?

பல ஆலைகளில் இருப்பது புறஊதா ஒளியை வைத்து வேலை செய்யும் சென்சார். தண்ணீருக்குள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும். கழிவில் உள்ள பல கரிமப் பொருட்கள் 254 நானோமீட்டர் அலைநீள ஒளியை நன்றாக உறிஞ்சும். 'இவ்வளவு ஒளி குறைந்தால், சி.ஓ.டி. இவ்வளவு இருக்கும்' என்று ஒரு கணக்கு கருவியில் முன்பே போடப்பட்டிருக்கும். அதாவது சென்சார் அளப்பது ஒளியைத்தான். சி.ஓ.டி. என்பது அந்தக் கணக்கு தரும் மதிப்பீடு.

அந்தந்த ஆலையின் கழிவை லேபில் பலமுறை சோதித்து, அதற்கேற்ப கணக்கைப் பொருத்தியிருந்தால் இந்த மதிப்பீடு நன்றாகவே வேலை செய்யும். ஒரே மாதிரி கழிவு வரும் இடங்களில் இது பயனுள்ள கருவி. கழிவின் தன்மை மாறினால்தான் சிக்கல்.

ஓர் எடுத்துக்காட்டு: சாயமிட்ட துணியின் காரத்தை அடக்க சாயப்பட்டறைகளில் அசிட்டிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது சி.ஓ.டி.யைக் கணிசமாகக் கூட்டும். ஆனால், 254 நானோமீட்டர் ஒளியை அது கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. சர்க்கரை, ஆல்கஹாலும் அப்படித்தான். ஒளி சென்சாரின் கண்ணுக்கு இவை தெரியாது. மறுபக்கம், சாயத்தின் நிறமே ஒளியைத் தடுத்து எண்ணைக் கூட்டிக் காட்டவும் செய்யும். சிவப்புச் சாயம் ஓடும் நாளில் ஒரு கணக்கு, வெளிர் நிறம் ஓடும் நாளில் இன்னொரு கணக்கு என்றால், ஒரே சூத்திரம் இரண்டுக்கும் பொருந்தாது.

எதை அதிகம் நம்பலாம், எதை யோசித்து நம்பலாம்?

பி.ஹெச்.: கண்ணாடி மின்முனை, பல பத்தாண்டுகளாகப் பழகிய தொழில்நுட்பம். சுத்தமாக வைத்து, பி.ஹெச். 4, 7, 10 கொண்ட தரக் கரைசல்களில் சரிபார்த்தால் நம்பலாம். இந்த அளவுகோலில் ஒரு புள்ளி வித்தியாசம் என்றால் அமிலத்தன்மையில் 10 மடங்கு வித்தியாசம். அதனால் சின்ன பிழைகூட சின்னது இல்லை.

டி.டி.எஸ்.: இதற்கான சென்சார் உண்மையில் அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை. இது உறுதியான, விலை குறைந்த சென்சார். ஆனால், மின்கடத்தலை டி.டி.எஸ். ஆக மாற்ற ஒரு காரணியால் பெருக்குவார்கள். அங்கேதான் விளையாட்டு. மின்கடத்தல் 3,500 என்று வைத்துக்கொள்வோம். 0.55-ஆல் பெருக்கினால் 1,925, வரம்புக்குள். 0.65-ஆல் பெருக்கினால் 2,275, வரம்பு மீறல். தண்ணீர் ஒன்றுதான். எந்தக் காரணி சரி என்பதை அந்தத் தண்ணீரை லேபில் ஆவியாக்கி, மிஞ்சும் உப்பை எடைபோட்டுத்தான் சொல்ல முடியும்.

டி.எஸ்.எஸ்.: துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து மதிப்பிடும். துகளின் அளவும் நிறமும் மாறினால் எண்ணும் மாறும்.

கரைந்த ஆக்சிஜன்: நகராட்சி, மாநகராட்சி சுத்திகரிப்பு நிலையங்களில் கிருமிகளுக்குக் காற்று கொடுக்கும் தொட்டியில் இருப்பது. இப்போதைய ஒளி வகை சென்சார்கள் பழைய சவ்வு வகையைவிட நிலையாக நிற்கின்றன. ஆனால், சென்சார் முனையில் பாசிபோல் படலம் வளர்ந்தால், அந்தப் படலமே ஆக்சிஜனைக் குடித்துவிடும். தொட்டியில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் சென்சார் குறைவாகக் காட்டும். உடனே ப்ளோயர் வேகமெடுக்கும், கரண்ட் பில் எகிறும். முனையில் காற்றுக்குமிழி சிக்கினால் கதை தலைகீழ். அதிகமாகக் காட்டும், ப்ளோயர் வேகம் குறையும், கிருமிகள் மூச்சுத் திணறும், சுத்திகரிப்பே கெட்டுப்போகும்.

ஃப்ளோ மீட்டர்: மின்காந்த வகை மீட்டர் துல்லியமானது. ஆனால், குழாய் முழுவதும் நிரம்பி ஓட வேண்டும். பாதி நிரம்பிய குழாயில் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

சி.ஓ.டி., பி.ஓ.டி.: மேலே பார்த்தபடி, இவை மதிப்பீடுகள். அடிக்கடி லேப் முடிவோடு ஒப்பிட்டால் மட்டுமே மதிப்பு.

கழிவுநீரில் சென்சார் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

ஆற்று நீரில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும் அதே சென்சார், கழிவுநீரில் சில நாட்களிலேயே தடுமாறலாம். காரணம், அது நிற்கும் இடம்.

முதல் எதிரி அழுக்கு. எண்ணெய், முடி, துணி நூல், சோப்புப் படிவு, கிருமிகள் உண்டாக்கும் வழுவழுப்பான படலம் எல்லாம் சென்சாரின் கண்ணாடியில் ஒட்டும். தண்ணீர் கடினமாக இருந்தால் சுண்ணாம்பும் படியும். இதற்காகவே சென்சாரில் கார் கண்ணாடிபோல் வைப்பர் வைப்பார்கள், அல்லது காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். எண்ணெயும் சுண்ணாம்பும் அதற்கு முழுமையாக அசையாது. ஆள் எடுத்துக் கழுவியே ஆக வேண்டும்.

இரண்டாவது, அளவு நழுவுவது. ஒரே நாளில் கெட்டுப்போனால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சென்சார் பெரும்பாலும் அப்படிக் கெடுவதில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசமே தெரியாது. ஒரு மாதம் கழித்து லேப் முடிவோடு பார்த்தால்தான் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது, வைத்த இடம். தண்ணீர் தேங்கும் மூலை, குமிழி அடிக்கும் இடம், தண்ணீர் குறைந்தால் சென்சார் வெளியே தெரியும் வாய்க்கால் என எங்கே வைத்தாலும் அது அந்த மூலையின் கதையைத்தான் சொல்லும், மொத்தத் தண்ணீரின் கதையை அல்ல.

பராமரிப்பவரின் பாதுகாப்பும் இதில் சேர்ந்ததுதான். கழிவுநீர்த் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற உயிரைப் பறிக்கும் வாயுக்கள் தேங்கும். மேலிருந்தே தூக்கி எடுத்துக் கழுவும்படி சென்சாரைப் பொருத்தாவிட்டால், ஒன்று ஆளை உள்ளே இறக்குவார்கள், அல்லது கழுவாமலே விடுவார்கள். இரண்டுமே தப்பு.

அப்போ, லேப் சொல்வதுதான் முழு உண்மையா?

அதுவும் அப்படி இல்லை. சாயம், தோல் கழிவில் உப்பு, அதாவது குளோரைடு அதிகம். சி.ஓ.டி. பரிசோதனையில் குளோரைடும் சேர்ந்து எரிந்து எண்ணைக் கூட்டிக் காட்டும். அதைத் தடுக்க பாதரச சல்ஃபேட் சேர்ப்பார்கள். அந்த அளவு போதவில்லை என்றால் லேப் முடிவே தவறாகும்.

மாதிரியை எடுத்து வெயிலில் வேனில் வைத்திருந்தால் கிருமிகள் கழிவைத் தின்றுவிடும், பி.ஓ.டி. குறைந்துவிடும். அதனால்தான் குளிரில் வைத்து விரைவாக லேபுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற விதி. ஒப்பிடும்போது நேரமும் முக்கியம். காலை 11 மணிக்கு எடுத்த மாதிரியை, சென்சாரின் காலை 11 மணி எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், நாள் சராசரியோடு அல்ல.

மீட்டர் தடுமாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தேகப்பட வேண்டிய முதல் அறிகுறி, அசையாத கோடு. கழிவுநீரில் எதுவும் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. ஷிஃப்ட் மாறும், சாயம் மாறும், மழை வரும். சி.ஓ.டி. கோடு மணிக்கணக்கில் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தால், சென்சார் அடைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது அது கழிவுநீரிலேயே இல்லாமல் இருக்கலாம். 'வரம்புக்குள் இருக்கிறது' என்பதற்காக அந்த எண்ணை நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, தங்களுக்குள் ஒத்துப்போகாத எண்கள். ஒரே தண்ணீரில் பி.ஓ.டி. எப்போதும் சி.ஓ.டி.யைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அது கூடுதலாகக் காட்டினால் ஏதோ ஒன்று பழுது. ஃப்ளோ மீட்டர் பூஜ்யம் காட்டும்போது மற்ற எண்கள் ஏறி இறங்கினாலும் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது, கழுவியவுடன் வரும் தாவல். சென்சாரைக் கழுவிய அடுத்த நிமிடமே எண் பெரிதாக மாறினால், அதற்கு முந்தைய நாட்களில் அது அழுக்கைத்தான் அளந்துகொண்டிருந்தது என்று அர்த்தம்.

வேண்டுமென்றே ஏமாற்ற முடியுமா?

முடியும். சென்சாரை நல்ல தண்ணீர் பாட்டிலில் போட்டுவைக்கலாம். கணக்குக் காரணியை மாற்றலாம். கழிவோடு நல்ல தண்ணீரைக் கலந்து செறிவைக் குறைக்கலாம். இதையெல்லாம் தடுக்கத்தான் வெளியேறும் இடத்தில் கேமராவும் ஃப்ளோ மீட்டரும் தேவை.

நல்ல தண்ணீரைக் கலக்கும் வித்தையை ஃப்ளோ மீட்டர் எளிதில் காட்டிக்கொடுக்கும். நாளுக்கு 10 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 400 மில்லிகிராம் சி.ஓ.டி. என்றால் மொத்தச் சுமை 400 கிலோ. அதே அளவு நல்ல தண்ணீரைக் கலந்தால் மீட்டர் 200 காட்டும், வரம்புக்குள் வந்துவிடும். ஆனால் ஓட்டம் 20 லட்சம் லிட்டராகிவிடும். ஆற்றுக்குப் போவது அதே 400 கிலோதான்.

எந்த சென்சாராலும் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. சென்சார் இருப்பது அதிகாரபூர்வ வாசலில். மழை நாளின் இரவில் வேறு வாய்க்கால் வழியாகத் திறந்துவிட்டால், சென்சார் காட்டும் எண் நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கும், ஆறு மட்டும் கெட்டுப்போகும். வீட்டுச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் நேராக ஆற்றில் கலக்கும் ஊர்களில், அந்தத் தண்ணீர் எந்த மீட்டரையும் கடப்பதே இல்லை.

மீட்டர் எண்ணை வைத்து வழக்குப் போட முடியுமா?

1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்திட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். இந்த நடைமுறை தவறினால் அந்தப் பரிசோதனை முடிவை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது.

அதனால், 'இங்கே ஏதோ நடக்கிறது, போய்ப் பாருங்கள்' என்று மணி அடிப்பதுதான் ஆன்லைன் எண்ணின் முக்கிய வேலை. மணி அடித்ததும் அதிகாரி போய் முறைப்படி மாதிரி எடுத்தால்தான் அது பிடிமானமுள்ள வழக்காகும். மணி சத்தம் கேட்டும் யாரும் போகவில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த சென்சாரும் வெறும் அலங்காரம்தான்.

ஊர் மக்கள் என்ன கேட்கலாம்?

'மீட்டர் வரம்புக்குள் இருக்கிறது' என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் இவை:

• சென்சார் கடைசியாக எந்தத் தேதியில் கேலிப்ரேஷன், அதாவது அளவுத் திருத்தம் செய்யப்பட்டது?
• ஒரே நேரத்தில் எடுத்த லேப் முடிவும் சென்சார் எண்ணும் எவ்வளவு வித்தியாசப்பட்டன?
• கடந்த மாதத்தில் எத்தனை மணி நேரம் டேட்டா வரவில்லை? அந்த நேரங்களில் மழை பெய்ததா?
• டி.டி.எஸ். கணக்கிட என்ன காரணி பயன்படுத்தப்படுகிறது? அதை லேபில் சரிபார்த்தது யார்?
• வரம்பு மீறல் எஸ்.எம்.எஸ். எத்தனை முறை போனது? அதில் எத்தனை முறை அதிகாரிகள் நேரில் போய் மாதிரி எடுத்தார்கள்?

தண்ணீரின் நிறம் மாறினாலோ, நுரை வந்தாலோ, மீன் செத்து மிதந்தாலோ தேதி, நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் மீட்டர் என்ன காட்டியது என்று ஒப்பிட அதுதான் உதவும். வாரியம் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம்.

ஒழுங்காக நடத்தும் ஆலைக்கும் இந்தக் கேள்விகள் பகை இல்லை. கழுவிய தேதி, திருத்திய தேதி, லேப் முடிவு என மூன்றும் பதிவேட்டில் வரிசையாக இருந்தால், ஆற்றில் யாரோ கலந்த கழிவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிரூபிக்க அந்த ஆலையின் கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான்.